ஷவர் அடைப்பு: போர் தண்ணீர் வீட்டில் உப்பைக் கரைத்து எடுக்கும் வேலை

ஷவரைத் திறந்தால் பாதித் துளைகளில் தண்ணீர் வராது. வருகிற துளைகளிலும் ஒன்று கண்ணாடியை நனைக்கும், இன்னொன்று கதவை நனைக்கும். போர் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றிக் குளிக்கிற வீடுகளில் இது அடிக்கடி வரும் தொல்லை. உடனே கை போவது ஊசிக்கு, இல்லாவிட்டால் கழிவறைக்கு வாங்கி வைத்த ஆசிட்டுக்கு. இரண்டுமே வேண்டாம். ஊசி துளையைக் கெடுக்கும், ஆசிட் முலாமைத் தின்னும். நூறு கிராம் எலுமிச்சை உப்பும் இரண்டு மணி நேரப் பொறுமையும் இருந்தால் ஷவர் பழையபடி ஓடும். ஆனால் எதையும் ஊற வைக்கும் முன் அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற துளையில் வெள்ளை பூத்திருக்கும், தண்ணீரை மறித்தது வேறெங்கோ இருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்ட அமைப்பு சாதாரணமானது: சுவரிலிருந்து நீளும் குழாயில் 6 அங்குல ஸ்டீல் ஷவர், பக்கத்தில் முலாம் பூசிய பிளாஸ்டிக் ஹேண்ட் ஷவர், இரண்டுக்கும் ஒரே மிக்ஸர், வெந்நீருக்கு 15 லிட்டர் கீசர்.

முதலில் அளவு

ஹேண்ட் ஷவரை 10 லிட்டர் பக்கெட்டில் விட்டு, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 75 வினாடி என்றால் நிமிடத்துக்கு 8 லிட்டர், தாராளமான குளியல். 2 நிமிடம் என்றால் 5 லிட்டர். 3 நிமிடம் தாண்டினால் தலைமுடியிலிருந்து ஷாம்பு போவதே பாடு. பச்சைத் தண்ணீருக்கு ஒரு முறை, வெந்நீருக்கு ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை. சுத்தமான ஷவரைப் பார்த்தாலே நன்றாக வருவது போலத்தான் தோன்றும்.

அடுத்து ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் தண்ணீரைத் திறக்க வேண்டும். குழாயில் தண்ணீர் கொட்டினால் அடைப்பு தலையில்தான். பச்சைத் தண்ணீர் கொட்டி வெந்நீர் மட்டும் நூலாக வந்தால் கீசர் வழியில் அடைப்பு. இரண்டுமே நூலாக வந்தால் மிக்ஸரின் உள்ளே, அதற்கு முன்னால் உள்ள வால்வில், அல்லது தொட்டியில் தேட வேண்டும்.

தலையைக் கழற்றிய பிறகும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: அழுத்தமே இவ்வளவுதானோ? தொட்டியின் தண்ணீர் மட்டம் ஷவரைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). மூன்று மீட்டர் இருந்தால் 0.3 பார். கடைசி மாடி வீட்டில், தொட்டி மொட்டைமாடித் தளத்திலேயே உட்கார்ந்திருந்தால், ஒன்றரை இரண்டு மீட்டர்தான் தேறும். கடையில் அகலமாகத் தொங்கும் மழை ஷவர்கள் பெரும்பாலும் இதைவிட நல்ல அழுத்தத்துக்குச் செய்தவை. அந்த வீட்டில் ஷவரை எவ்வளவு கழுவினாலும் மழை வராது. பிரஷர் பம்ப் போட வேண்டும், அல்லது சிறிய ஷவருக்கு மாற வேண்டும். இதே காரணத்தால்தான் நம் வீடுகளில் கொஞ்சம் உப்பு பிடித்தாலே ஷவர் படுத்துவிடுகிறது. தள்ளிவிடப் பின்னால் விசை இல்லை.

கழற்றும்போது உடைவது எது

இந்த வேலையில் பெரிய சேதம் நடப்பது ஆசிட்டால் அல்ல, ஸ்பேனரால். ஷவர் தலையின் நட்டைத் திருகும்போது, அது உப்பில் இறுகியிருந்தால், நட்டோடு சேர்ந்து குழாயும் சுற்றும். குழாயின் மறுமுனை சுவருக்குள் இருக்கும் எல்போவில் டெஃப்லான் டேப்போடு திருகப்பட்டிருக்கிறது. அது கால் சுற்று பின்னால் வந்தாலே டேப்பின் பிடிப்பு விட்டு உள்ளே கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. சில வாரம் கழித்து அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். உள்ளே இருப்பது சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் குழாய் என்றால் முறுக்கில் எல்போவே விரிசல் விடலாம்.

ஆகவே இரண்டு கை வேலை. ஒரு கை குழாயைத் துணி சுற்றி இறுக்கிப் பிடிக்க, இன்னொரு கை நட்டைத் திருக வேண்டும். நட்டிலும் துணி சுற்றிவிட்டுத்தான் ஸ்பேனர் வைக்க வேண்டும். பல் வைத்த பைப் ரெஞ்ச் கூடவே கூடாது, முலாமில் தடம் விழும். நட்டு அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். வினிகரில் நனைத்த துணியை மரையைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் விடுங்கள். மரையைப் பிடித்திருப்பதும் அதே உப்புதான், அதுவும் கரையும். அப்படியும் வராவிட்டால் குழாயோடு சேர்த்துக் கழற்றி, திரும்ப மாட்டும்போது சுவர்ப் பக்க மரைக்குப் புது டேப் சுற்றிவிடுவது, பாதி முறுக்கி விடுவதைவிட நல்லது.

ஹேண்ட் ஷவரில் கைப்பிடி அடியில் உள்ள நட்டைக் கையாலேயே கழற்றலாம். அங்கே ரப்பர் வாஷரோடு சேர்ந்து சின்ன சல்லடை வலை ஒன்று இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மரப் பல்குச்சியால் விளிம்பை நெம்பினால் வெளியே வந்துவிடும். "ஷவர் அடைத்துவிட்டது" என்கிற புகார் பலமுறை இந்த ஒரு ரூபாய் நாணய அகல வலையோடு தீர்ந்துபோகும்.

வலையில் மாட்டியிருப்பதை வெள்ளைத் துணியில் தட்டிக் கொட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். முட்டை ஓட்டை நொறுக்கியது போலத் தட்டையான வெள்ளைச் சில்லுகள் இருந்தால் அவை கீசருக்குள்ளிருந்து உரிந்து வந்தவை. உருண்டையான பழுப்பு மணிகள் என்றால் போர் மணல். தொட்டி அடியில் தங்கியிருந்து வருகிறது. கறுப்புத் துகள் விரலில் மை போல ஒட்டினால் எங்கோ ஒரு வாஷரோ ஹோஸின் உள்ரப்பரோ நைந்துகொண்டிருக்கிறது. பச்சையாக வழவழப்பு இருந்தால் தொட்டி மூடி சரியில்லை, வெயில் படுகிறது. ஷவரை மட்டும் கழுவி மாட்டினால் இவை எல்லாம் திரும்ப வந்து அதே இடத்தில் உட்காரும்.

உப்பு என்று சொல்வது எதை

"உப்புத் தண்ணி" என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. நாக்கில் கரிக்கிற உப்பு சமையல் உப்பின் வகை. அது ஷவரை அடைக்காது, தண்ணீர் பட்டதும் கரைந்து போய்விடும். ஷவரை அடைப்பது கால்சியம் கார்பனேட், கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ந்தது. கிளிஞ்சலும் முட்டை ஓடும் இதே பொருள்தான். நிலத்தடி நீரில் இது பைகார்பனேட்டாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. தண்ணீரைச் சுட வைத்தாலோ, காற்றுப் பட்டு உலர்ந்தாலோ, கார்பன்-டை-ஆக்சைடு பறந்துபோய், மிச்சம் கல்லாக இறுகுகிறது. வெந்நீர் போட்ட பாத்திரத்தின் உள்பக்கம் படிகிற வெள்ளைப் படலம் இதுவே.

தண்ணீரில் இந்தக் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதுதான் கடினத்தன்மை. டிடிஎஸ் மீட்டர் காட்டுவது கரைந்திருக்கிற எல்லா உப்பையும் சேர்த்து. இதனால்தான் அதை வைத்துக் கடினத்தன்மையைத் தீர்மானிக்கக் கூடாது. கடலோரப் போரில் டிடிஎஸ் 1,500 காட்டும், பெரும்பகுதி சமையல் உப்பாக இருக்கலாம். உள்நாட்டுப் போரில் 700 காட்டும், அதில் பாதிக்கு மேல் கடினத்தன்மையாக இருந்து ஷவரைக் கல்லாக்கலாம். சொட்டு மருந்து போலச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கடினத்தன்மைக் கிட் வாங்கலாம்; இல்லையென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. அது குடிப்பதற்கான கணக்கு. 300 தாண்டினாலே ஷவருக்கும் கீசருக்கும் வேலை வைக்கும்.

ஊற வைப்பது

தேவையானவை: சிட்ரிக் ஆசிட் 100 கிராம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்று கேட்டாலும் தருவார்கள்), ஷவர் முழுகுகிற பிளாஸ்டிக் டப், பழைய டூத் பிரஷ், ரப்பர் கையுறை, புது வாஷர்கள், ஒரு டெஃப்லான் டேப். அலுமினியப் பாத்திரத்தில் ஊற வைக்காதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரியில் இருக்கட்டும். கொதிநீர் விட்டால் சீக்கிரம் கரையும் என்று நினைக்கத் தோன்றும். கொதிநீரில் பிளாஸ்டிக் முகப்பு வளையும், ரப்பர் முனைகள் தளரும். அதோடு சிட்ரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் உப்பு, சூடு கூடக் கூடக் குறைவாகவே கரையும். கல்லைக் கரைக்கப் போய் வெள்ளை மாவாகத் துளைக்குள் திரும்பப் படிய வைப்பதாகிவிடும்.

ஊற வைக்கும் முன் ஒரு வேலை. ஷவரின் முகத்தைக் குழாய்க்குக் கீழே காட்டி, தண்ணீரைப் பின்பக்கமாக ஓட விடுங்கள். உள்ளே தங்கிய மணலும் சில்லும் வந்த வழியே வெளியேறும். மணல் இந்த அமிலத்தில் கரையாது; அதைத் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

பிறகு முகம் கீழே இருக்கும்படி கரைசலில் முழுக்கி, பின்பக்க வாய் வழியாகவும் கரைசலை ஊற்றி உள்ளே காற்று நிற்காமல் பாருங்கள். காற்று நின்ற இடத்தில் அமிலம் படாது. முதல் நிமிடத்திலேயே துளைகளிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பும். காது வைத்தால் சோடா போலச் சன்னமாகச் சீறுவது கேட்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி உலுக்கி மீண்டும் முழுக்குங்கள்.

குமிழ் நின்றுவிட்டால் கல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அமிலமும் தீர்ந்திருக்கலாம். இதற்கு எளிய சோதனை: ஒரு சின்ன முட்டை ஓட்டுத் துண்டைக் கரைசலில் போடுங்கள். ஓட்டிலிருந்து நன்றாகக் குமிழ் வந்தால் அமிலம் உயிரோடு இருக்கிறது, ஷவரில்தான் கரைக்க ஒன்றுமில்லை. ஓடு சும்மா கிடந்தால் கரைசலை மாற்றுங்கள். கணக்குப்படி 50 கிராம் சிட்ரிக் ஆசிட் 35 கிராம் போலக் கல்லைக் கரைக்கும். ஆனால் அவ்வளவு தூரம் போகுமுன்பே கரைசல் கலங்கி அடியில் வெள்ளை மாவு தங்கத் தொடங்கும். கலங்கியதுமே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அதற்காகத்தான் 100 கிராம்.

எவ்வளவு நேரம் என்பது உலோகத்தைப் பொறுத்தது. ஸ்டீல், பிளாஸ்டிக், ரப்பர் முனை வைத்த முகப்பு இரண்டு மணி நேரம் தாங்கும். குரோம் பூசிய பித்தளையை ஒரு தடவைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் விடாமல், எடுத்துக் கழுவிப் பார்த்து, தேவையானால் மறுபடி போடுங்கள். முலாம் ஏற்கெனவே உரிந்த இடத்தில் அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்தெடுக்கும். அந்த இடம் செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ஊறியது போதும். தங்க நிறம், மேட் கறுப்பு பூசியவற்றை ஊற வைக்கவே வேண்டாம். பாதி வலுவுள்ள கரைசலில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் துளைப் பக்கம் மட்டும் ஒற்றி, கழுவிவிடுங்கள்.

சிட்ரிக் ஆசிட் இல்லாத நேரத்தில் வினிகர் ஆகும். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், அதைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுங்கள். மெதுவாக வேலை செய்யும், நெடி அடிக்கும், ஆனால் கலங்கி மாவு படியாது. எலுமிச்சைச் சாற்றிலும் இதே சிட்ரிக் அமிலம்தான், கூடவே சதையும் துளைக்குள் போகும். பித்தளைக் குத்துவிளக்குக்குக் கைகண்ட மருந்தான புளி இங்கே உதவாது. புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாக அங்கேயே படியும்.

வினிகரோடு ஆப்பச் சோடாவைக் கலக்கிப் பொங்க வைப்பது வீண் வேலை. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். கல்லைக் கரைக்க வேண்டிய அமிலத்தைச் சோடா தின்றுவிடுவதுதான் அந்தப் பொங்கல்.

கழிவறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது கல்லைக் கரைப்பது நொடியில். குரோமையும் ஸ்டீலையும் அரிப்பதும் அதே வேகத்தில். அதைவிட ஆபத்து, ஜன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் அந்த ஆசிட் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைச் சுடுகிற வாயு அது. சிட்ரிக் ஆசிட், வினிகரையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது. தரை கடப்பாக்கல், மார்பிள், மொசைக் என்றால் கரைசல் சிந்தினாலே மங்கல் தடம் விழும். அந்தக் கற்களும் சுண்ணாம்புக் குடும்பம்தான். டப்பைப் பக்கெட்டுக்குள் வைத்து வேலை செய்யுங்கள்.

ஊறியபின் ரப்பர் முனைகளைக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால் மிச்சக் கல் புழு போல வெளியே வரும். ஸ்டீல் தட்டின் துளைகளுக்கு ஊசி வேண்டாம், தென்னந்துடைப்பத்தின் மெல்லிய ஈர்க்குச்சி போதும். அது கல்லைத் தள்ளும், உலோகத்தைக் கீறாது. ஊசி துளையின் விளிம்பைச் சுரண்டி அகலமாக்கும். அந்தத் துளைதான் பிறகு கதவை நனைக்கும். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த உப்பு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

திரும்ப மாட்டுவது

தலையை மாட்டும் முன் வெறும் குழாயில் பச்சைத் தண்ணீர் அரை நிமிடம், வெந்நீர் அரை நிமிடம் ஓட விடுங்கள். கழற்றும்போது அசைந்த சில்லுகள் வெளியேறட்டும். இதை விட்டுவிட்டால் சுத்தம் செய்த ஷவர் முதல் நாளே அடைக்கும்.

உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிற நட்டுக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. வாஷர்தான் தண்ணீரை நிறுத்துகிறது; டேப் சுற்றினால் நட்டு முழுதாக ஏறாமல் வாஷர் அழுந்தாது. பழைய வாஷரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாமல் கல் போல இருந்தால் மாற்றிவிடுங்கள். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. பிளாஸ்டிக் நட்டு அதற்கு மேல் முறுக்கினால் விரிசல் விடும். வாஷர் இல்லாமல் மரையே அடைக்க வேண்டிய இணைப்புக்கு மட்டும் டேப்: மரையின் முனை உங்களைப் பார்க்க, கடிகார முள் திசையில், இழுத்துப் பிடித்து பத்துப் பன்னிரண்டு சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே உருண்டு வெளியே வரும்.

இப்போது மறுபடி பக்கெட் சோதனை. பச்சைத் தண்ணீர் சரியாகி வெந்நீர் மட்டும் பின்தங்கினால் கீசரைக் கழுவ வேண்டிய நேரம். கீசருக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரை வடிக்கும்போது முட்டை ஓட்டுச் சில்லுகள் கை நிறைய வரும். காயிலில் இறுகியதை எடுப்பதும், உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியக் கம்பியை மாற்றுவதும் சர்வீஸ் ஆள் வேலை. வீட்டில் செய்யக்கூடியது வெப்பத்தைக் குறைப்பது. 75 டிகிரியில் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலப்பதைவிட 50–55 டிகிரியில் வைத்தால் கல் படிவது நன்றாகக் குறையும்.

மணல் வந்திருந்தால் தொட்டியைப் பார்க்க வேண்டும். வெளியேறும் குழாய் தொட்டித் தரையோடு தரையாக இருந்தால் மணல் நேராக இறங்கும். இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்க வேண்டும். கீசருக்குப் போகும் வழியில் ஒரு ஒய்-ஸ்ட்ரெய்னர் (குழாயில் மாட்டும் சல்லடை) போட்டு மாதம் ஒருமுறை அதன் வலையைக் கழுவினால் மணலும் தொட்டிக் குப்பையும் கீசரை எட்டாது.

ஷவர் ஃபில்டரும் சாஃப்ட்னரும்

ஷவருக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டும் உருளை ஃபில்டர்கள் கடினத்தன்மையை எடுக்கும் என்று விற்கப்படுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடினத்தன்மையை எடுக்கும் ரெசின் ஒரு லிட்டர், சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உருளைக்குள் 200 மில்லி ரெசின் இருந்தாலும் பிடிப்பது 10 கிராம். தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால் 20 லிட்டரில் அது தீர்ந்தது. அதாவது ஒரு குளியல்கூடத் தாங்காது. மணல் பிடிக்க வேண்டுமானால் அது உதவும், உப்புக்கு அல்ல.

வீட்டுத் தண்ணீர் முழுவதையும் ரெசின் வழியே விட்டுக் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் போடுவதுதான் முழுத் தீர்வு. ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நான்கு பேருக்கு நாளுக்கு 540 லிட்டர். 500 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் நாளொன்றுக்கு 270 கிராம். 25 லிட்டர் ரெசின் நான்கரை நாள் தாங்கும். அதன்பின் மூன்று நான்கு கிலோ கல்லுப்புக் கரைசல் விட்டு ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கழிவுநீரைச் செடிக்கு விடாதீர்கள்.

சாஃப்ட்னர் இல்லாத வீட்டில் கல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்: ஓடும் தண்ணீரில் அல்ல, மூடியபின் ஷவருக்குள் தங்கி உலரும் தண்ணீரில். 30 மில்லி தங்கினால், அதே 500 கணக்கில், ஒவ்வொரு முறையும் 15 மில்லிகிராம் வரை உள்ளே விட்டுப்போகும். நாளுக்கு இரண்டு குளியல் என்றால் வருடத்தில் 11 கிராம், ஷவரின் எல்லாத் துளைகளையும் அடைக்கத் தாராளம். குளித்து முடித்ததும் ஹேண்ட் ஷவரைக் கவிழ்த்து இரண்டு உதறு உதறி, ஈரம் இருக்கும்போதே ரப்பர் முனைகளின் மேல் உள்ளங்கையை ஒருமுறை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அப்போது படிவு இன்னும் மாவாகத்தான் இருக்கும், கையோடு வந்துவிடும்.